டியாஸ் கோல் போனது கேமராவால் அல்ல: வி.ஏ.ஆரில் எதை மாற்ற வேண்டும்?

ஆன்ஃபீல்டு அருள் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் வி.ஏ.ஆர் (வீடியோ பார்த்து மைதானத்து நடுவருக்கு உதவும் முறை) பற்றிய இன்னொரு இழையில் "வி.ஏ.ஆர் என்றாலே டெக்னாலஜி கோளாறு" என்று நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஆட்டம் போதும். 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹாம் மைதானம், எதிரணி லிவர்பூல். நமக்கு இரவு பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம், பலரும் நேரலையில் பார்த்திருப்பீர்கள்.

34-வது நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. லிவர்பூலில் ஏற்கெனவே பத்துப் பேர்தான். லிவர்பூலின் சலா பந்தைத் தள்ளிவிட, சக ஆட்டக்காரர் லூயிஸ் டியாஸ் ஓடிப்போய் வலைக்குள் அடித்தார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார், அதாவது பந்து தள்ளப்பட்ட கணத்தில் டியாஸ் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றார் என்று. லண்டனில் ஸ்டாக்லி பார்க் அறையில் உட்கார்ந்திருந்த வீடியோ நடுவர் டேரன் இங்கிலாந்து, படத்தை நிறுத்திப் பார்த்தார். டியாஸ் ஆஃப்சைடு இல்லை. அதைச் சரியாகவே கண்டுபிடித்தார்.

ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் "செக் கம்ப்ளீட்" என்று சொன்னார். நீங்கள் கொடுத்த முடிவே சரி என்று அர்த்தம். மைதானத்தில் நின்ற சைமன் ஹூப்பர் கொடுத்திருந்த முடிவோ ஆஃப்சைடு. அவர் ஃப்ரீ கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

தவறை முதலில் பிடித்தது நடுவர் யாரும் இல்லை, ரீப்ளே ஓட்டிக்கொடுக்கும் ஆபரேட்டர். மைதானத்து முடிவு ஆஃப்சைடு ஆயிற்றே, இதில் உங்களுக்குத் திருப்திதானா என்று கேட்டார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்ற குரலும் கேட்கிறது. டேரன் இங்கிலாந்து, ஆட்டம் தொடங்கிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அக்டோபர் 3-ம் தேதி அந்த ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது.

கோல் மறுக்கப்பட்ட இரண்டே நிமிடத்தில் சன் டோட்டன்ஹாமுக்கு கோல் அடித்தார். கடைசியில் 96-வது நிமிடத்தில் மாட்டிப்பின் சேம் சைடு கோலால் லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

இதில் எந்தக் கேமரா பழுதானது? படமும் சரி, கோடும் சரி, அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த விடையும் சரி. போய்ச் சேர வேண்டிய சொல் மட்டும் தப்பாகப் போய்ச் சேர்ந்தது. என் கோரிக்கை ஒன்றுதான். சரியான விடை கையில் இருந்தும் அதைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சில நொடிகளில் தெரிந்தால், ஆட்டம் தொடங்கிவிட்டாலும் நிறுத்தித் திருத்த விதியில் இடம் வேண்டும். ஒரு ஆட்டக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நிறுத்துகிறோம். இதற்கு ஏன் நிறுத்தக் கூடாது?

---

வியாசர்பாடி விங்கர்

நிறுத்துவது, தொடங்குவது எல்லாம் இருக்கட்டும். மொத்தமாக எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. கோல் அடித்த அந்த நொடியில் கத்துவதற்குத்தான் நாம் பந்தாட்டம் பார்க்கிறோம். இப்போது கோல் விழுந்ததும் எல்லார் கண்ணும் ரெஃப்ரியின் காதுக்குப் போகிறது. கையை வைத்துக் காதை அமுக்கினார் என்றால் கொண்டாட்டம் செத்தது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடும் உல்வ்ஸ் அணி 2024 மே மாதத்தில் வி.ஏ.ஆரை எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தது. ஜூன் 6-ம் தேதி ஓட்டெடுப்பு. 19-க்கு 1. மற்ற பத்தொன்பது கிளப்புகளும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லிவர்பூலும் அதில் அடக்கம், அருள்.

---

முன்னாள் விசில்

அருள் தம்பி, மாவட்ட லீக்கில் பல காலம் விசில் ஊதியவன் என்ற முறையில் சொல்கிறேன். உன் கோபம் நியாயம், உன் கோரிக்கை ஆபத்து.

"ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் நடுவர் தன் முடிவை மாற்ற முடியாது" என்பது வி.ஏ.ஆருக்காக வந்த விதி இல்லை. அது நடுவரைப் பற்றிய ஐந்தாம் ஆட்ட விதியில் எப்போதோ இருந்து வருவது. வீடியோ வந்தபோது அதில் மிகச் சிறிய ஓட்டை மட்டும் போட்டார்கள். ஆள் மாறி அட்டை கொடுத்திருந்தால் திருத்தலாம். அடிதடி, எச்சில் துப்புவது, கடிப்பது, மிக மோசமாக அவமதிக்கும் சைகை போன்றவற்றுக்காக வெளியேற்றலாம். இவ்வளவுதான். கோலுக்கு அதில் இடம் இல்லை.

அந்த எல்லை எதற்கு? களத்தில் நிற்பவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் "இது முடிந்தது" என்று உறுதி வேண்டும். உன் சட்டத்தின்படி டோட்டன்ஹாம் ஃப்ரீ கிக் எடுத்து, நாலு பாஸ் போட்டு, அந்தப் பக்கம் கோல் அடித்துவிட்டது என்று வை. அதை அழித்துவிட்டு இந்தக் கோலைக் கொடுப்பாயா? நடுவில் ஒருவர் கால் உடைந்திருந்தால்? அதற்கான மஞ்சள் அட்டை நிற்குமா?

எல்லைக்குள்ளேயே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜெர்மனி உதாரணம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 16, மைன்ஸ் – ஃப்ரைபுர்க் ஆட்டம். முதல் பாதி முடிந்து விசில் ஊதியாகிவிட்டது. ஃப்ரைபுர்க் ஆட்டக்காரர்கள் டிரெஸ்ஸிங் ரூமுக்கே போய்விட்டார்கள். வீடியோ நடுவர் பிபியானா ஷ்டைன்ஹவுஸ் ஹேண்ட்பால் என்று சொல்ல, மைதானத்து நடுவர் கீடோ விங்க்மன் திரையில் பார்த்துவிட்டு எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு பெனால்டி கொடுத்தார். மைன்ஸின் டி பிளாசிஸ் அடித்தார், கோல். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் விதிப்படி சரி. பாதி முடிந்ததே தவிர ஆட்டம் மீண்டும் தொடங்கவில்லை.

ஆக, தொடங்குவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடு. தொடங்கியபின் தொடாதே. ஹூப்பரிடம் "கோல் என்ற உங்கள் முடிவு சரி" என்று முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும், அந்த அறைக்கும் தெரிந்திருக்கும். "செக் கம்ப்ளீட்" என்ற இரண்டு சொல்லில் முடிவு எது என்பதே இல்லை.

---

ஆன்ஃபீல்டு அருள்

> முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால்

இதை ஏற்கிறேன் சார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்து நடுவர் அமைப்பும் இதைத்தான் செய்தது. வீடியோ நடுவர் தன் முடிவு என்ன என்பதைப் பக்கத்தில் இருக்கும் உதவி வீடியோ நடுவரிடம் உறுதிசெய்த பிறகே மைதானத்துக்குச் சொல்ல வேண்டும் என்று நடைமுறையை மாற்றினார்கள்.

ஆனால் மைன்ஸ் ஆட்டத்தையே எடுங்கள். ஒரு அணியையே உள்ளேயிருந்து கூப்பிட்டு வரலாம், ஃப்ரீ கிக் எடுத்து சில நொடி ஆன ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்றால், எந்த ரசிகனுக்கு இது நியாயமாகத் தெரியும்? பந்து இன்னும் வெளியே கூடப் போகவில்லை. அடுத்த முறை பந்து வெளியே போவதற்குள் என்று ஒரு வரம்பு வைத்தால் உங்கள் பயமும் தீரும்.

---

யாழ் பத்தாம் இலக்கம்

அருள் அண்ணா, அதே போட்டியில் இன்னொரு சங்கதி நடந்ததை விட்டுவிட்டீர்கள். எனக்கு டியாஸின் கோலைவிட அதுதான் பெரிய பிரச்சினை.

26-ஆம் நிமிடம், லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸ். மத்தியஸ்தர் முதலில் காட்டியது மஞ்சள் அட்டை. பிறகு வீடியோ அறை கூப்பிட்டு ஓரத்துத் திரைக்கு வரச் சொன்னது. அங்கே போனவருக்கு முதலில் காட்டியது அசையாத ஒரு படம். ஜோன்ஸின் பாதம் டோட்டன்ஹாமின் பிசூமாவின் காலில் ஏறி நிற்கும் கணம். அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சிவப்பு அட்டைதான் கொடுப்பார்கள். முழு வேகத்தில் பார்த்தால், கால் முதலில் பந்தின் மேல் பட்டு, அதிலிருந்து வழுக்கித்தான் அவரது காலில் ஏறுகிறது. காயப்படுத்தக் கூடிய தாக்குதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்தையும் நோக்கத்தையும் நின்றுபோன ஒரு படத்தில் அளக்க முடியாது.

விதி சொல்வதும் இதைத்தான். கால் எங்கே பட்டது, பந்து கையில் பட்டதா, கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதற்கு மெதுவான காட்சி. எவ்வளவு கடுமையாக மோதினார் என்பதற்கு வழமையான வேகம். அப்படி எழுதி வைத்துவிட்டு, முதலாவதாக உறைந்த படத்தைக் காட்டினால் மத்தியஸ்தரின் தீர்ப்பை அங்கேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

---

வியாசர்பாடி விங்கர்

அதே ஆட்டத்தில் மூன்றாவதும் உண்டு. லிவர்பூலின் ஜோட்டாவுக்கு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு மஞ்சள். முதல் மஞ்சளில் டோட்டன்ஹாமின் உடோகியை இவர் தட்டவே இல்லை, அவரே கால் பின்னி விழுந்தார் என்பது ரீப்ளேயில் தெரிந்தது. ஆனால் வீடியோ நடுவர் வாயைத் திறக்க முடியாது. கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம், இந்த நான்குக்கு மட்டும்தான் அவருக்கு வேலை என்று வைத்துத்தான் அன்றைக்கு ஆட்டம் நடந்தது. லிவர்பூல் ஒன்பது பேராகிவிட்டது.

ஒரே ஆட்டத்தில் பார்த்ததைத் தப்பாகச் சொன்னார்கள், தப்பான படத்தைக் காட்டினார்கள், பார்க்க வேண்டியதைப் பார்க்கவே விதி விடவில்லை. இதற்குப் பிறகும் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களே!

---

கணக்கு வாத்தியார்

ஆஃப்சைடு கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். "கோடு சரி" என்று அருள் எழுதியது டியாஸ் விஷயத்தில் உண்மை. ஏனென்றால் அவர் நன்றாகவே உள்ளே இருந்தார். ஆனால் அக்குள், பூட்ஸ் நுனி என்று கோல் மறுத்த அந்தக் காலத்துத் தீர்ப்புகளில் கோட்டை அவ்வளவு நம்ப முடியாது.

சாதாரண ஒளிபரப்புக் கேமராவில் நொடிக்கு 50 படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 0.02 நொடி. முழு ஓட்டத்தில் இருக்கும் ஃபார்வர்டு நொடிக்கு 9 மீட்டர் போகிறார் என்றால், அந்த இடைவெளியில் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். டிஃபென்டர் எதிர்ப்பக்கம் ஏறி வந்துகொண்டிருந்தால் வித்தியாசம் அதைவிட அதிகம். பந்து காலை விட்டுக் கிளம்பிய கணம் இந்தப் படமா, அடுத்த படமா என்று தேர்ந்தெடுத்தது ஒரு மனிதர். இந்த நிலையில் ரெண்டு சென்டிமீட்டர் ஆஃப்சைடு என்று கோலை மறுப்பது கணக்காகாது. பிரீமியர் லீக்கே இதை உணர்ந்து 2021-22 பருவத்திலிருந்து மயிரிழை வித்தியாசங்களைத் தாக்குகிற அணிக்குச் சாதகமாக விட்டது.

2022 கத்தார் உலகக் கோப்பையில் வந்தது வேறு முறை. மைதானக் கூரைக்கு அடியில் 12 கேமரா. ஒவ்வொரு ஆட்டக்காரர் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்துக்கொள்ளும். பந்துக்குள் ஒரு சென்சார், நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். உதைத்த கணத்தைக் கண்டுபிடிப்பதில் இருந்த 0.02 நொடித் தடுமாற்றம் 0.002 நொடியாகச் சுருங்கியது. தொடக்க ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே எக்வடோரின் என்னர் வலென்சியா அடித்த கோல் இப்படித்தான் போனது. சவூதிக்கு எதிராக முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா மூன்று கோல்களை ஆஃப்சைடில் இழந்தது. இரண்டு முறையும் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, கவனித்தீர்களா? அளவை நம்ப முடிந்தால் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

அதே உலகக் கோப்பையின் ஜப்பான் – ஸ்பெயின் ஆட்டத்தில் ஜப்பானின் மிட்டோமா கோட்டின் ஓரத்திலிருந்து பந்தைத் திருப்பியதும் இந்த வகைதான். தொலைக்காட்சியில் பார்த்த எல்லாருக்கும் பந்து வெளியே போனதாகத்தான் தெரிந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் வளைவு கோட்டைத் தொட்டபடி இருந்தது. தனாகாவின் கோல் நின்றது, ஜப்பான் 2-1 என்று வென்றது, ஜெர்மனி வீட்டுக்குப் போனது. வெறும் கண்ணை நம்பியிருந்தால் ஜப்பானுக்கு அநியாயம் நடந்திருக்கும்.

என் கட்சி இதுதான்: அளக்கக் கூடியதை இயந்திரத்திடம் விடுங்கள். அளக்க முடியாததை மைதானத்து நடுவரிடமே விட்டுவிடுங்கள்.

---

புது பூட்ஸ்

பிரீமியர் லீக்கில் 2025 ஏப்ரலிலிருந்து பாதித் தானியங்கி ஆஃப்சைடு (கேமராவும் கணினியும் சேர்ந்து கோடு போடும் முறை) வந்துவிட்டதே. அப்படியென்றால் டியாஸ் பிரச்சினை இனி வராதுதானே? இந்த இழைக்கே தேவை இருக்கிறதா?

---

ஆன்ஃபீல்டு அருள்

தம்பி, அதுதான் இல்லை. டியாஸ் ஆஃப்சைடு இல்லை என்று வீடியோ நடுவர் டேரன் இங்கிலாந்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எந்த இயந்திரம் வந்தாலும் அவருக்குக் கிடைக்கப் போவது அதே விடைதான். அந்த விடையை எடுத்துக்கொண்டு மைதானத்து முடிவை எதுவென்று நினைத்தார் என்பதில்தான் சறுக்கல். அதை எந்தச் சென்சாரும் திருத்தாது.

வாத்தியார் சார், "அளக்க முடியாததை விட்டுவிடுங்கள்" என்றால் ஒன்று கேட்கிறேன். 2009 நவம்பர் 18, பாரிஸ். அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்சின் தியரி ஹென்றி கையால் பந்தை நிறுத்திக் கொடுத்து காலா கோல் அடித்தார். அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போகவில்லை. ஹேண்ட்பால் உங்கள் கணக்கில் அளக்கக் கூடியதா, முடியாததா?

---

கணக்கு வாத்தியார்

ஹென்றி செய்தது போன்றதைப் பார்க்க அளவே தேவையில்லை. யார் பார்த்தாலும் ஒரே விடை வரும். அதற்கு வீடியோ நிச்சயம் வேண்டும். நான் சொல்வது 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்டது போன்றவை. நடுவர் பிடானா திரைக்குப் போய்ப் பார்த்தார், பெனால்டி என்றார். திரும்பத் திரும்பப் பார்த்த என் வகுப்புப் பிள்ளைகளே இன்றைக்கும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். நூறு பேர் பார்த்து ஐம்பது ஐம்பதாகப் பிரிந்தால் அது வி.ஏ.ஆர் தலையிட வேண்டிய "தெளிவான, அப்பட்டமான தவறு" இல்லை. அப்போது மைதானத்தில் முதலில் சொன்னதே நிற்கட்டும்.

---

ஒஸ்லோ வாசி

நான் நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடப்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2023-இல் இங்கே வி.ஏ.ஆர் வந்தது. ரசிகர்கள் ஆரம்பம் தொட்டே எதிர்த்தார்கள். 2024 ஜூலையில் ரோசன்போர்க் – லில்லஸ்ட்ரோம் போட்டியில் களத்துக்குள் மீன் கட்லட்டுகளையும் டென்னிஸ் பந்துகளையும் வீசினார்கள். மத்தியஸ்தர் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தி, கடைசியில் கைவிட வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் முதல் இரண்டு பிரிவுகளின் கழகங்கள் கூடி, 19-க்கு 13 என்ற கணக்கில் எடுத்துவிடச் சொன்னார்கள். ஆனால் மார்ச்சில் நடந்த சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வைத்துக்கொள்வது என்றே முடிவாகியது.

பக்கத்தில் சுவீடன் கதை வேறு. அங்கே கழகங்களின் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களின் கையில், அதாவது ரசிகர்களின் கையில். அவர்கள் வேண்டாம் என்றதால் அங்கே வி.ஏ.ஆர் வரவேயில்லை.

இவர்கள் தவறான முடிவுகளை விரும்புகிறவர்கள் இல்லை. நான் இங்கே பல ரசிகர்களோடு கதைத்திருக்கிறேன். அவர்களின் மனக்குறை என்னவென்றால், காசு கொடுத்துக் குளிரில் நிற்பவனுக்குத்தான் என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவனுக்குக் கோடும் படமும் கிடைக்கின்றன. அரங்கில் இருப்பவனுக்கு "பரிசோதனை நடக்கிறது" என்ற எழுத்து மட்டும்.

---

கோல்போஸ்ட் கீதா

ஒஸ்லோ அண்ணா சொல்வதுதான் எனக்கும். 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் மைக்கில் முடிவை அறிவித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? திரையில் பார்த்துவிட்டு வந்து, என்ன முடிவு, ஏன் என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். இங்கிலாந்தில் அது வர 2025 ஜனவரி ஆனது. லீக் கோப்பை அரையிறுதி, அதுவும் டோட்டன்ஹாம் – லிவர்பூல்தான். டோட்டன்ஹாமின் சொலான்கேயின் கோல் ஆஃப்சைடு என்று நடுவர் ஸ்டுவர்ட் அட்வெல் மைக்கில் சொன்னார்.

இதில் இன்னொரு பயன் இருக்கிறது. நடுவர் வாய்விட்டு "கோல் இல்லை, ஆஃப்சைடு" என்று அறுபதாயிரம் பேர் முன்னால் சொன்னால், ஸ்டாக்லி பார்க்கில் இருப்பவர் காதிலும் அது விழும். ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே "இல்லை, நிறுத்துங்கள்" என்று பதறியிருப்பார். அருள் கேட்கும் புது விதியே தேவைப்பட்டிருக்காது.

அப்புறம், எடுத்துவிடுங்கள் என்று சொல்கிற விங்கர் தம்பிக்கு. 2024 ஜூன் 11, தோஹா. இந்தியா – கத்தார், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. சாங்டே கோலில் நாம் 1-0 முன்னிலை. 73-வது நிமிடத்தில் ஒரு ஹெட்டரை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுக்க, பந்து உருண்டு கோல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. வெளியே போன பந்தைக் கத்தார்க்காரர் காலால் உள்ளே இழுத்துக் கொடுத்தார், யூசஃப் அய்மன் தட்டி உள்ளே விட்டார். கோல்! நம் ஆட்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சினார்கள். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர் கிடையாது. 85-வது நிமிடத்தில் இரண்டாவது கோலும் வாங்கி 2-1 என்று தோற்று, மூன்றாவது சுற்றுக்குப் போகும் வாய்ப்பே போனது. அன்று இரவு நான் தூங்கவில்லை. ஒரே ஒரு ரீப்ளே போதும், பத்து நொடி வேலை.

இருப்பவர்களுக்குத் தொல்லையாகத் தெரிகிறது. இல்லாதவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

---

வியாசர்பாடி விங்கர்

கீதாக்கா, கத்தார் ஆட்டத்தைச் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பந்து வெளியே போனதை லைன்ஸ்மேன் பார்த்திருக்க வேண்டும், அதை மட்டும் சொல்வேன்.

---

முன்னாள் விசில்

லைன்ஸ்மேன் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம், விங்கர். குர்ப்ரீத் கீழே கிடக்கிறார், சுற்றிக் கால்கள். களத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது புரியும்.

நடுவர்கள் எல்லாரும் வீடியோவுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இத்தாலிய நடுவர் ராபர்ட்டோ ரொசெட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 2010 ஜூன் 27. அன்றுதான் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில், ப்ளூம்ஃபான்டெய்னில் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தும் கோல் கிடைக்கவில்லை. அதே நாள் ஜொஹன்னஸ்பர்க்கில் அர்ஜென்டினா – மெக்சிகோ. அர்ஜென்டினாவின் டெவெஸ் ஆஃப்சைடில் நின்று தலையால் முட்டிய கோலை ரொசெட்டி கொடுத்துவிட்டார். அடுத்த நிமிடம் மைதானத்துப் பெரிய திரையில் ரீப்ளே ஓடுகிறது. மெக்சிகோ ஆட்டக்காரர்கள் திரையைக் காட்டிக் கத்துகிறார்கள். அவரும் லைன்ஸ்மேனும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த உலகம் முழுவதற்கும் தெரிந்த உண்மையை அவர் மட்டும் பயன்படுத்தக் கூடாது, விதி அப்படி. கோல் என்றே சொல்ல வேண்டியதாகிவிட்டது. பின்னாளில் ஃபிஃபாவின் வி.ஏ.ஆர் திட்டத்தை நடத்தி 2018 உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இதே ரொசெட்டிதான்.

திரையில் உண்மை ஓடும்போது தப்பான விசிலை ஊதிவிட்டு நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன்.

---

புது பூட்ஸ்

டியாஸ் கோல் மறுத்த ஆட்டம் முடிந்தபிறகு லிவர்பூல் பயிற்சியாளர் க்ளாப் மறு ஆட்டம் கேட்டாரே, அதற்கு விதியில் வழி உண்டா சார்?

---

முன்னாள் விசில்

வழி மிகக் குறுகல். நடுவர் விதியையே தப்பாகப் பயன்படுத்தினால் ஒன்று, கண்ணில் பட்டதைத் தப்பாகக் கணித்தால் இன்னொன்று. முதலாவதற்கு மறு ஆட்டம் நடந்திருக்கிறது. 2005 செப்டம்பரில் உஸ்பெகிஸ்தான் – பஹ்ரைன், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். உஸ்பெகிஸ்தான் பெனால்டியை அடித்து கோல் ஆக்கியது. அடிக்கும் முன்பே அவர்கள் ஆள் ஒருவர் பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். திரும்ப அடிக்கச் சொல்ல வேண்டும். ஜப்பானிய நடுவர் யோஷிடா பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். விதியே தவறு. ஃபிஃபா ஆட்டத்தை ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. இதில் வேதனை என்னவென்றால், முதல் ஆட்டத்தில் 1-0 என்று வென்றது உஸ்பெகிஸ்தான்தான். மறு ஆட்டம் 1-1. கடைசியில் பஹ்ரைன்தான் முன்னேறியது.

டியாஸ் விஷயத்தில் யாரும் விதியைத் தப்பாகப் படிக்கவில்லை. வாய்வழித் தவறு. அதனால் மறு ஆட்டத்துக்கு இடமில்லை.

---

யாழ் பத்தாம் இலக்கம்

ஒரு கேள்வி. சிறிய லீக்குகளில் இத்தனை கமரா, தனி அறை, பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் எல்லாம் எங்கே போவது? கீதா அக்கா சொன்ன கத்தார் போட்டி மாதிரி இடங்களுக்கு வேறு வழி இருக்கிறதா?

---

முன்னாள் விசில்

இருக்கிறது. பயிற்சியாளர் கேட்டால் மட்டும் பார்க்கும் முறை. 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் இரண்டு கோரிக்கை. பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் அட்டையைக் கொடுக்க வேண்டும். ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். முடிவு மாறினால் கோரிக்கை கையில் நிற்கும், மாறாவிட்டால் போய்விடும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமானதுதான்.

தனி வீடியோ நடுவர் கிடையாது. மைதானத்து நடுவரே ஓரத்துக்கு வந்து, இருக்கிற கேமராக்களில் தன் கண்ணால் பார்த்து, தானே முடிவு சொல்வார். நம் ஐ.எஸ்.எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) இன்னும் வி.ஏ.ஆர் இல்லை. செலவைப் பார்த்தால் இந்த முறைதான் நமக்குச் சரி என்று படுகிறது.

---

ஆன்ஃபீல்டு அருள்

இதைப் படித்ததும் டியாஸ் கோலை இந்த முறையில் ஓட்டிப் பார்த்தேன். கொடி தூக்கியதும் க்ளாப் விரலைச் சுழற்றியிருப்பார். ஹூப்பர் தானே திரைக்குப் போயிருப்பார். பார்ப்பவரும் அவரே, முடிவு சொல்பவரும் அவரே. நடுவில் தப்பாகக் கேட்க ஆளே இல்லை. ஜோன்ஸ் விஷயத்திலும், டோட்டன்ஹாம் கேட்டிருந்தால் அவரே வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்திருக்கலாம்.

---

கணக்கு வாத்தியார்

டியாஸுக்குச் சரி அருள், அவர் கண்ணுக்கே தெரியும்படி உள்ளே இருந்தார். நாலைந்து கேமராவை வைத்துக்கொண்டு பூட்ஸ் நுனி ஆஃப்சைடைப் பார்க்க முடியாது. நான் முன்னால் போட்ட 18 சென்டிமீட்டர் கணக்கு அப்படியே திரும்பி வரும். பெரிய லீக்குகளில் ஆஃப்சைடு இயந்திரத்திடமே இருக்கட்டும். மற்றவை பயிற்சியாளர் கேட்டால் மட்டும், மைதானத்து நடுவர் கண்ணால். இரண்டையும் சேர்த்தால் எனக்குச் சம்மதம்.

---

வியாசர்பாடி விங்கர்

ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் சில தடவை, அதுவும் பயிற்சியாளர் தன் கோரிக்கையைப் பணயம் வைத்துக் கேட்டால் மட்டும் என்றால் நானும் வாழ்ந்துவிடுவேன். மற்ற கோல்களுக்கு நான் கத்தலாம்.

---

ஆன்ஃபீல்டு அருள்

சரி, ஆனால் பிரீமியர் லீக் ஸ்டாக்லி பார்க் அறையை இப்போதைக்கு மூடப் போவதில்லை. அதுவரைக்கும் என் பழைய கோரிக்கை அப்படியே இருக்கிறது சார். முழு வாக்கியம், மைக்கில் அறிவிப்பு, இரண்டும் வரட்டும். அதையும் மீறித் தப்பு நடந்து பத்து நொடியில் தெரிந்தால், பந்து வெளியே போகும்வரை திருத்த இடம் வேண்டும். இதில் நீங்கள் இன்னும் மறுக்கிறீர்களா?

---

முன்னாள் விசில்

மறுக்கிறேன் தம்பி. பந்து வெளியே போகும்வரை என்கிறாய். அதற்குள் அந்தப் பக்கம் கோல் விழுந்தால் என்ன செய்வாய் என்று நான் முதலிலேயே கேட்டேன், நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அதை எழுது, பேசுவோம்.